சேப்பாக்கத்தில் சென்னையே தோற்றது ஏன்? மைதானம் எவ்வளவு தூரம் ஆட்டத்தை முடிவு செய்கிறது?

கேள்வி இதுதான்: "சேப்பாக்கம் சுழலுக்குச் சாதகம் என்று எத்தனையோ வருடமாகச் சொல்கிறார்கள். 2025 ஐபிஎல்லில் அஸ்வின், ஜடேஜா, நூர் அகமது என்று மூன்று சுழல் வீச்சாளர்களை வைத்துக்கொண்டு சென்னை சூப்பர் கிங்ஸ் அதே மைதானத்தில் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது. அப்படியானால் ஆடுகளம், டாஸ், பனி என்று வர்ணனையில் பேசுவதெல்லாம் சும்மாவா?"

சும்மா இல்லை. ஆனால் வர்ணனையில் சொல்கிற மாதிரியும் இல்லை. எந்தத் திறமைக்கு அன்றைக்கு விலை ஏறும், எதற்கு இறங்கும் என்பதை மைதானம் தீர்மானிக்கிறது. அதனால் ஒருவகை ஆடுகளத்தில் நல்ல அணிக்கும் சுமாரான அணிக்கும் உள்ள இடைவெளி கூடும். இன்னொரு வகையில் குறையும். சொந்த ஊரில் மண்ணைக் கவ்விய அணிகளின் கதையைப் பார்த்தால், பல சமயம் இடைவெளியைக் குறைக்கும் ஆடுகளத்தில்தான் அது நடந்திருக்கும். சேப்பாக்கத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்போம். சேப்பாக்கம் எப்போதுமே சுழல் மைதானமாக இருந்ததா? 1934-இல் இங்கே நடந்த முதல் டெஸ்டில் இங்கிலாந்தின் இடக்கை சுழல் வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி 11 விக்கெட் எடுத்தார். 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான். வினு மன்கட் 12 விக்கெட். இதுவரை சரி. ஆனால் 1975 பொங்கலை ஒட்டி நடந்த டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் இதே சேப்பாக்கத்தில் 7/64 (64 ரன் கொடுத்து 7 விக்கெட்), 5/57 என்று 12 விக்கெட் சாய்த்தார். குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97 ரன்னை இன்றும் பெரியவர்கள் பேசுவது, எகிறி வந்த அந்தப் பந்துகளுக்கு எதிரே அவர் நின்றதால்தான். 1979-இல் மேற்கிந்தியத் தீவுகள் மறுபடி வந்தபோதும் ஆடுகளம் வேகமானது. இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் தப்பி ஜெயித்தது. 1980 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராக கபில்தேவ் இரண்டாம் இன்னிங்ஸில் 7/56. அந்தக் காலத்து ரசிகரிடம் சேப்பாக்கம் என்றால் நாட்டிலேயே நல்ல எகிறல் உள்ள ஆடுகளங்களில் ஒன்று என்றுதான் சொல்லியிருப்பார்.

1988 ஜனவரியில் படம் மாறுகிறது. சுழல் வீச்சாளர் நரேந்திர ஹிர்வானி அறிமுக டெஸ்டிலேயே 136 ரன் கொடுத்து 16 விக்கெட் எடுத்தார். சரியாகத் தயாராகாத, முதல் நாளிலிருந்தே உடைந்த ஆடுகளம் அது. விக்கெட் கீப்பர் கிரண் மோரே அந்த ஒரு டெஸ்டில் ஆறு ஸ்டம்பிங் செய்தார். ஹிர்வானி மொத்தம் ஆடியது 17 டெஸ்ட், எடுத்தது 66 விக்கெட். அதில் 16 இந்த ஒரே ஆட்டத்தில் வந்தவை. நல்ல பந்துவீச்சாளர்தான். ஆனால் அன்றைக்கு அவருடைய திறமையோடு ஆடுகளமும் சேர்ந்து பந்து வீசியது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதே மைதானத்தில் 2008 மார்ச்சில் சேவாக் 319 அடித்தார். தென்னாப்பிரிக்கா 540, இந்தியா 627, ஆட்டம் டிரா. 2016-இல் கருண் நாயர் 303, இந்தியா 759. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா மூன்று வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கியது. டாஸ் ஜெயித்த வங்கதேசம் சேப்பாக்கத்தில் முதலில் பந்து வீச முடிவு செய்தது. வேகப்பந்து வீச்சாளர் ஹசன் மஹ்மூத் நான்கு விக்கெட் எடுத்து இந்தியாவை 144 ரன்னுக்கு 6 விக்கெட் என்று உட்கார வைத்தார். ஒரே முகவரி, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு மைதானம்.

எப்படி இது சாத்தியம்? "சேப்பாக்கம் ஆடுகளம்" என்று ஒன்று கிடையாது என்பதுதான் விடை. மைதானத்தின் நடுவே பக்கத்தில் பக்கத்தில் பல ஆடுகளங்கள் இருக்கின்றன. சிலவற்றின் மேல்மண் செம்மண், சிலவற்றில் கரிசல். எந்த ஆட்டத்துக்கு எது என்பது தனி முடிவு.

கரிசலில் களிமண் பங்கு அதிகம். தண்ணீரைக் குடித்து உப்பும். காயும்போது சுருங்கி, கோடையில் ஏரி வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதுபோல் வெடிக்கும். பாளங்கள் ஒட்டிக்கொண்டே இருப்பதால் சட்டென்று தூளாகாது. ஆனால் பந்து விழும்போது மண் அதன் வேகத்தை விழுங்கிவிடும். பந்து நின்று வரும், தாழ்ந்து வரும். பேட்ஸ்மேன் ஷாட்டை முடித்த பிறகு பந்து வந்து சேரும். செம்மண்ணில் களி குறைவு, மணல் கூடுதல். தண்ணீர் சீக்கிரம் வடியும். நனைத்து உருட்டினால் கெட்டியாக இறுகி நல்ல எகிறல் தரும்; முதல் நாள் வேகப்பந்துக்கும், நேராக பேட்டை வைத்து ஆடத் தெரிந்தவருக்கும் அது சொர்க்கம். ஆனால் காயக் காய மேற்பரப்பு பொடியாகும். அப்போது பந்து திரும்புவது மட்டுமில்லாமல் எகிறியும் வரும். பேட்ஸ்மேனை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்களான சில்லி பாயின்ட்டும் ஷார்ட் லெக்கும் வேலை பார்க்க ஆரம்பிக்கும். கரிசலில் எல்.பி.டபிள்யூ., போல்டு, செம்மண்ணில் கையுறையில் பட்ட கேட்ச். விக்கெட் விழும் விதத்தைப் பார்த்தே மண்ணை ஓரளவு ஊகிக்கலாம்.

மண்ணுக்கு மேலே ஆடுகளப் பராமரிப்பாளரின் கை இருக்கிறது. ஆட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு தண்ணீரை நிறுத்துகிறார், புல்லை எவ்வளவு விடுகிறார், கனமான ரோலரை எத்தனை நேரம் ஓட்டுகிறார் என்பதில்தான் முக்கால்வாசி ரகசியம். அடியில் ஈரம் இருந்து மேலே இறுகியிருந்தால் ஆடுகளம் நாள் கணக்கில் தாங்கும். அடிவரை காய்ந்திருந்தால் இரண்டாவது நாளே கதை மாறும். நடுவில் மட்டும் தண்ணீர் விட்டு இரண்டு முனைகளிலும், பந்து குத்துகிற இடத்தைக் காய விடுவதும் உண்டு; யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கிய பின் பேட்டிங் அணியின் கேப்டனுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது: தன் இன்னிங்ஸ் தொடங்கும் முன்பும், ஒவ்வொரு நாள் காலையிலும் அதிகபட்சம் ஏழு நிமிடம் ரோலர் ஓட்டச் சொல்லலாம். கனமான ரோலரா, லேசானதா என்பது அவர் விருப்பம். கனமானதை ஓட்டினால் வெடிப்புகள் கொஞ்ச நேரம் அமுங்கும். சில சமயம் பாளங்கள் இன்னும் தளர்ந்தும் போகும்.

வானிலை குறுக்கே வந்தால் பராமரிப்பாளரின் கணக்கெல்லாம் போயிற்று. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. 16-ஆம் தேதி இங்கிலாந்துடன் டெஸ்ட். வெயில் இல்லாததால் தணலைத் தட்டுகளில் கொண்டுவந்து ஆடுகளத்துக்கு மேலே பிடித்து உலர்த்தினார்கள். அப்படிக் காய வைத்த ஆடுகளம் ஐந்து நாளும் பேட்டிங்குக்குச் சுகமாகவே இருந்தது. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 477 எடுத்தும் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. கடைசி நாளில் விக்கெட் இழப்பின்றி 103 என்று நின்ற அணி 207-இல் சுருண்டது, ஜடேஜாவுக்கு 7/48. அந்தச் சரிவுக்கு ஆடுகளத்தைக் குறை சொல்லவே முடியாது. 282 ரன் பின்தங்கி, டிரா ஒன்றே வழி என்று தெரிந்து நாள் முழுக்க நிற்க வேண்டிய அழுத்தம் அது.

இனி உத்திக்கு வருவோம். உலர்ந்த ஆடுகளத்தில் கேப்டன் செய்கிற முதல் மாற்றம், புதுப் பந்தை யார் கையில் கொடுப்பது என்பது. 2011 ஐபிஎல் இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். சென்னை 205 எடுத்துவிட்டது. எதிரே கிறிஸ் கெய்ல், அந்த சீசனில் எல்லோரையும் அடித்து நொறுக்கியவர். தோனி முதல் ஓவரை அஸ்வினிடம் கொடுத்தார். புதுப் பந்து கெட்டியாக இருக்கும், வேகமாகச் சறுக்கும். ஒரு பந்து திரும்பும், அடுத்தது சீமில் (தையலில்) படாமல் நேராகப் போகும். எது என்று பந்து வீசுகிறவருக்கே தெரியாது என்பதுதான் அதன் பலம். இடக்கை பேட்ஸ்மேனை விட்டு வெளியே போகும் பந்தில் கெய்ல் தோனியிடம் கேட்ச் கொடுத்து பூஜ்யத்தில் போனார். ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. அதே வருடம் உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக தென்னாப்பிரிக்கா இதே இடத்தில் சுழல் வீச்சாளர் ராபின் பீட்டர்சனைக் கொண்டு பந்துவீச்சைத் தொடங்கியது. முதல் ஓவரிலேயே இங்கிலாந்தின் ஸ்ட்ராஸ், கெவின் பீட்டர்சன் இருவரும் காலி. இங்கிலாந்து 171. தென்னாப்பிரிக்கா ஜெயிக்க வேண்டிய ஆட்டம். 165-க்கு எல்லோரும் அவுட். உத்தி சரியாக இருந்தும் தோற்றார்கள், ஏனென்றால் அந்த ஆடுகளத்தில் கடைசியாக பேட் செய்ய வேண்டிய முறை அவர்களுடையது.

பேட்டிங் பக்கம் இதைவிட சுவாரசியம். என்னைக் கேட்டால் ஒரு ஆடுகளத்துக்காக ஒரு பேட்ஸ்மேன் தயாரானதற்கு சச்சினின் 1998 சென்னை டெஸ்டைவிட நல்ல உதாரணம் இல்லை. பந்துவீச்சாளர்களின் காலடி பட்டு லெக் ஸ்டம்புக்கு வெளியே உருவாகும் சொரசொரப்பான பகுதியில் (ரஃப்) ஆஸ்திரேலியாவின் லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் ரவுண்ட் தி விக்கெட் வந்து பந்தைப் போடுவார் என்று சச்சினுக்குத் தெரியும். முன்னாள் லெக் ஸ்பின்னர் எல்.சிவராமகிருஷ்ணனைப் பயிற்சிக்கு அழைத்து, அந்த இடத்தில் மண்ணைக் கிளறிவிட்டு, அங்கேயே பந்து குத்தச் சொல்லி மணிக்கணக்கில் ஆடிப் பார்த்தார். முதல் இன்னிங்ஸில் வார்ன் நான்கே ரன்னில் அவரை வெளியேற்றினார். இரண்டாம் இன்னிங்ஸில் சச்சின் ஆட்டமிழக்காமல் 155; வார்ன் ரஃப்பில் போட்ட பந்துகளை, சுழலுக்கு எதிராகவே மிட் விக்கெட்டுக்கு மேலே தூக்கினார். ரஃப்பில் போட்டால் எல்.பி.டபிள்யூ. கிடைக்காது, ரன்னைத் தடுக்கலாம் என்பதுதான் வார்னின் கணக்கு. தடுக்க முடியாமல் போனதும் அவரிடம் வேறு திட்டம் மிஞ்சவில்லை. இந்தியா 179 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

2001-இல் மேத்யூ ஹேடன் இதையே ஸ்வீப் வழியாகச் செய்தார். பந்து தரையில் பட்டு என்ன செய்யப் போகிறது என்று காத்திருக்காமல், குத்துகிற இடத்திலேயே துடைத்து எடுப்பது. அதனால் சுழலின் அளவே பொருட்டில்லாமல் போகிறது. 203 அடித்தார். ஆனாலும் ஆஸ்திரேலியா தோற்றது; ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்த அந்த டெஸ்டில் இந்தியா இரண்டே விக்கெட் மிச்சம் வைத்து கரை சேர்ந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சுழல் பந்து வீச்சாளர்கள் நம்மிடம் நன்றாக இருக்கிறார்கள், அதனால் ஆடுகளம் எவ்வளவு சுழல்கிறதோ அவ்வளவு நமக்கு நல்லது: இந்த நினைப்பு தவறு. மெதுவாக உடையும் ஆடுகளத்தில் விக்கெட் எடுக்க பந்தைக் காற்றில் மிதக்க விட வேண்டும், வேகத்தை மாற்ற வேண்டும், ஒரே இடத்தில் இருபது ஓவர் போட வேண்டும். 2013-இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் 20 விக்கெட்டும் இந்திய சுழலுக்கே விழுந்தன, அஸ்வினுக்கு 12. அதே டெஸ்டில் தோனி 224 அடித்தார். ஆக பேட்டிங்கும் செய்ய முடிந்தது, பந்துவீச்சுத் திறமையும் எடுபட்டது. இடைவெளியைக் கூட்டுகிற ஆடுகளம் அது.

முதல் நாளே தூள் பறக்கும் ஆடுகளத்தில் இந்தத் திறமை எதுவும் வேண்டாம். ஸ்டம்புக்கு நேராக, வேகமாகப் போட்டால் போதும். ஒன்று திரும்பும், ஒன்று திரும்பாது. 2017-இல் புனேயில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓ'கீஃப் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். இந்தியா 105, 107. 2023-இல் இந்தூரில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ குனெமன் 5/16, லயன் 8/64. இந்தியா ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. 2024-இல் மறுபடி புனே. நியூசிலாந்தின் மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட். சொந்த மண்ணில் வரிசையாக 18 தொடர்கள் வென்று வந்த இந்திய அணி, தான் வெட்டிய குழியில் தானே விழுந்தது. ஓ'கீஃபும் சான்ட்னரும் அஸ்வினைவிடச் சிறந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஆடுகளங்களில் அஸ்வினாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஹிர்வானி கதையும் இதே கதைதான். அன்று அது நமக்குச் சாதகமாக விழுந்தது, அவ்வளவே.

2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து நடந்த இரண்டு டெஸ்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் டெஸ்டில் இங்கிலாந்து டாஸ் ஜெயித்தது. முதல் இரண்டு நாளும் ஆடுகளம் படுத்துக்கிடந்தது. தன் நூறாவது டெஸ்டில் ஜோ ரூட் 218, இங்கிலாந்து 578. அதன் பிறகு உடைய ஆரம்பித்த ஆடுகளத்தில் இந்தியா இரண்டு முறையும் பேட் செய்ய வேண்டியிருந்தது. கடைசி நாள் ஆண்டர்சன் ஒரே ஓவரில் கில், ரஹானே இருவரின் ஸ்டம்பையும் ரிவர்ஸ் ஸ்விங்கில் (பழைய பந்து காற்றில் வளைவது) பெயர்த்தார்; காய்ந்த, சொரசொரப்பான தரை பந்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்துக் கொடுக்கும், அது வேகப்பந்துக்கு வருகிற மறைமுகக் கூலி. இங்கிலாந்து 227 ரன் வித்தியாசத்தில் வெற்றி. நான்கு நாள் கழித்து வேறு ஆடுகளம், முதல் மணி நேரத்திலேயே பந்து திரும்பியது, டாஸ் இந்தியாவுக்கு. ரோகித் 161, இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வெற்றி. இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். ஆடுகளம் மோசம் என்று இங்கிலாந்து முன்னாள் வீரர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது அதே ஆடுகளத்தில், இரண்டாம் இன்னிங்ஸில், அஸ்வின் 106 அடித்தார். ஆடவே முடியாத ஆடுகளம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் முதல் டெஸ்டில் டாஸுக்கு இருந்த விலை மிக அதிகம் என்பதை மறுக்கவும் முடியாது.

டாஸ் பற்றிச் சொல்லும்போது 2008 டிசம்பரையும் சொல்லிவிட வேண்டும். "சேப்பாக்கத்தில் கடைசி நாள் துரத்த முடியாது" என்ற வேதவாக்கை இந்தியா 387 ரன் துரத்தி உடைத்த டெஸ்ட். நான்காம் நாள் மாலை சேவாக் 68 பந்தில் 83 அடித்ததுதான் அதற்குக் காரணம். பந்து உடைந்த இடத்தில் குத்துவதற்குள் ஃபீல்டர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் சச்சினும் யுவராஜும் பெரும்பாலும் ஓடி எடுத்தே முடித்தார்கள்.

இரவு ஆட்டங்களில் டாஸின் இடத்தைப் பனி பிடித்துக்கொள்கிறது. சூரியன் போனபின் புல் வேகமாகக் குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் இருப்பதால் அது புல்மேல் நீர்த்துளியாகப் படியும். பந்து நனைந்ததும் சுழல் வீச்சாளரின் விரல் வழுக்கும், தையல் ஊறிப் பருக்கும், பந்து நின்று வருவதற்குப் பதில் சறுக்கிக்கொண்டு பேட்டுக்கு வரும். முதல் பாதியில் 160 எடுக்கவே திணறிய ஆடுகளத்தில் இரண்டாம் பாதியில் 170 சுலபமாகிவிடும். 2025 ஐபிஎல்லில் இரவு ஆட்டங்களின் இரண்டாம் இன்னிங்ஸின் நடுவே பந்தை மாற்ற விதி கொண்டுவந்ததே இதனால்தான்.

பனியின் தொல்லை என்னவென்றால், வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2024 ஐபிஎல் இரண்டாவது தகுதிச் சுற்று, மே 24, சேப்பாக்கம். பனி வரும் என்று நம்பி ராஜஸ்தான் டாஸ் ஜெயித்துப் பந்து வீசியது. வரவில்லை. ஹைதராபாத் 175 எடுத்தபோது ராஜஸ்தானின் சுழல் வீச்சாளர்களான சென்னைக்காரர் அஸ்வினுக்கும் சாஹலுக்கும் ஒரு விக்கெட்கூட இல்லை. இரண்டாம் பாதியில் ஆடுகளம் இன்னும் காய்ந்து பந்து பிடித்துத் திரும்ப, ஷாபாஸ் அகமது மூன்று விக்கெட், எப்போதாவது பந்து வீசும் அபிஷேக் சர்மா இரண்டு. ராஜஸ்தான் 139. உலகத் தரமான இருவர் வெறுங்கையோடு திரும்ப, பகுதி நேர வீச்சாளர் ஆட்டத்தை முடித்து வைத்தார். இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் இறுதி ஆட்டம், இந்த முறை செம்மண் ஆடுகளம். ஸ்டார்க் முதல் ஓவரிலேயே அதே அபிஷேக்கின் ஸ்டம்பைப் பெயர்த்தார், ஹைதராபாத் 113-க்குச் சுருண்டது, கொல்கத்தா 10.3 ஓவரில் முடித்துவிட்டது.

வெயிலும் காற்றும் மழையும் சேப்பாக்கத்தில் தனி அத்தியாயம். சுருக்கமாகச் சொல்கிறேன். 1986 செப்டம்பரில் டை ஆன டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 எடுத்துவிட்டு மருத்துவமனையில் சலைன் ஏற்றிக்கொள்ள வேண்டிவந்தது. (அந்த வெயிலில் கிரெக் மேத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசி பத்து விக்கெட் எடுத்தார், ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.) 1997 மே மாதம் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 அடித்தபோது பெரும்பகுதி அவருக்காக ஓடியவர் அப்ரிடி. இந்தப் புழுக்கத்தில் வேகப்பந்து வீச்சாளருக்கு மூன்று நான்கு ஓவருக்கு மேல் ஒரே மூச்சில் கொடுத்தால் அவர் அன்றைக்கு மறுபடி எழமாட்டார். வியர்வை பந்தில் பட்டால் ரிவர்ஸ் ஸ்விங்கும் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவின் கைவசம் பத்து விக்கெட், தேவை 210 ரன், கடைசி நாள். மழையால் ஒரு பந்துகூட வீசவில்லை. ஜெயித்திருப்போமா என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லைக்கோட்டின் தூரமும் உண்டு; பலரும் கவனிக்காதது, ஆடுகளம் நடுவில் இருந்து ஓரத்துக்குப் போனால் ஒரு பக்க பவுண்டரி பத்துப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்ததுபோல் கிட்டே வந்துவிடும். அந்தப் பக்கம் அடிக்க வசதியான பேட்ஸ்மேனுக்கு எந்த முனையிலிருந்து யாரைப் போட வைப்பது என்பதே கேப்டனுக்குத் தலைவலி. லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் சுமார் இரண்டரை மீட்டர் சரிவு. அங்கே பந்துவீச்சாளர் முனையைத் தேர்ந்தெடுப்பது, பந்து உள்ளே வர வேண்டுமா வெளியே போக வேண்டுமா என்பதைப் பொறுத்து.

சரி, 2025. முதலில் ஐந்து தோல்வியையும் ஒரே காரணத்தில் போட முடியாது. பெங்களூரு ஜெயித்தது வேகத்தால்: புதுப் பந்தில் ஹேசல்வுட் நல்ல லென்த்தில் போட, ஒட்டி வந்த ஆடுகளத்தில் திரிபாதியும் ருதுராஜும் அவருடைய ஒரே ஓவரில் போனார்கள். 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு அதுதான் முதல் வெற்றி. டெல்லி முதலில் பேட் செய்து, கே.எல்.ராகுலின் 77-ஐ வைத்து ஜெயித்தது. ஹைதராபாத்துக்கு ஹர்ஷல் படேலின் மெதுவான பந்துகள் நான்கு விக்கெட் கொடுத்தன. பஞ்சாபுக்கு சாஹல் 19-ஆவது ஓவரில் ஹாட்ரிக்கோடு நான்கு விக்கெட். உண்மையான சுழல் தோல்வி என்றால் கொல்கத்தாவுடன் ஆடியதுதான்: அந்த ஆட்டத்துக்கென்றே மொயின் அலியைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள், நரைன் 3/13, சென்னை 103/9, கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்தது.

இதில் தெரிவது இரண்டு. ஒன்று, ஒரு காலத்தில் சென்னைக்கு மட்டுமே இருந்த ஆயுதம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. 2011-இல் மூன்று தரமான சுழல் வீச்சாளர்களை வைத்திருந்த அணிகள் குறைவு. இப்போது எல்லா அணியிலும் இரண்டு பேர் உண்டு, அவர்களில் வருண் சக்கரவர்த்தி போன்றோர் தமிழ்நாட்டிலேயே விளையாடி வந்தவர்கள். சேப்பாக்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மெதுவான கட்டர் போடத் தெரியாத வேகப்பந்து வீச்சாளரும் இன்று கிடையாது. ஆடுகளம் மெதுவானால் சென்னைக்குக் கிடைத்த அதே உதவி ஹர்ஷலுக்கும் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பேட்டிங். மெதுவான ஆடுகளத்தில் அடித்தளம் போட்டு, இடைவெளி பார்த்து ஓடி, 160 எடுத்து, சுழலை வைத்து அதைக் காப்பாற்றுவது பழைய சென்னை பாணி. ஹஸ்ஸி, பத்ரிநாத், ரெய்னா என்று அதற்கென்றே ஆள் இருந்தார்கள். 2019-இல் பெங்களூரை 70-க்குச் சுருட்டிவிட்டு அந்த 71 ரன்னை எடுக்க சென்னைக்கே 17.4 ஓவர் ஆனபோது தோனியே ஆடுகளம் இவ்வளவு மெதுவாக இருக்கக் கூடாது என்று சொன்னார். 2025 அணியில் நடு ஓவர்களில் சுழலை ஸ்வீப் செய்தோ காலடி வைத்தோ ஆடி ஓட்டத்தை நகர்த்த ஆள் குறைவு. பந்துவீச்சுக்குச் சாதகமான ஆடுகளம் தன் பேட்டிங்கையே முதலில் கடித்தது. பெங்களூருடன் தோற்றபின் பயிற்சியாளர் ஃபிளெமிங், சில வருடங்களாகவே சேப்பாக்கத்தில் சொந்த மண் சாதகம் எதுவும் இல்லை, நான்கு சுழல் வீச்சாளர்களோடு இறங்கி ஜெயிக்கும் பழைய சேப்பாக்கம் இது இல்லை என்ற பொருளில் பேசினார். அன்று பலர் அதைச் சாக்கு என்று சிரித்தார்கள். பாதி சாக்கு, பாதி உண்மை. 2024-க்கும் 2025-க்கும் ஆடுகளங்கள் ஒன்றுபோல் இல்லை என்பது உண்மை; எந்த நாள் எந்த ஆடுகளம் என்று கணித்து அதற்கேற்ற பதினோரு பேரை இறக்குவது நிர்வாகத்தின் வேலை என்பதும் உண்மைதானே.

அந்த சீசனை சென்னை பத்தாவது இடத்தில் முடித்தது. 2025 ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல்லில் இருந்து ஓய்வு பெற்றார். நவம்பரில் சஞ்சு சாம்சனை வாங்க ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்தார்கள். இந்த மைதானத்தின் மண்ணைக் காலால் தடவியே சொல்லிவிடக்கூடிய இருவரும் இப்போது இல்லை. வந்திருப்பதோ பந்து பேட்டுக்கு வந்தால் கொண்டாடுகிற பேட்ஸ்மேன். இப்படி ஒரு அணியை வைத்துக்கொண்டு கரிசல் ஆடுகளத்தை விரும்பினால் அது பழக்கதோஷம். செம்மண் பக்கம்தான் போக வேண்டும் என்பது என் கணிப்பு.